சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்: நீங்களே கணக்குப் போடுவது எப்படி

அம்மா முதல்முறையாக லண்டனுக்குக் கிளம்பியபோது வீட்டில் ஒரு சின்னச் சண்டையே நடந்தது. "எத்தனை மணி நேரம்டா உட்காரணும்?" என்று கேட்டார். டிக்கெட்டைப் பார்த்த தம்பி, காலை 5:30க்குக் கிளம்பி 11:45க்கு இறங்குது, ஆறேகால் மணி நேரம்தான் என்றான். லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கும் அக்கா போனில் பத்தேமுக்கால் என்றாள். நான் பதினேழரை என்றேன். மூன்று பேர் சொன்னதும் சரிதான், வேறு வேறு கேள்விக்குப் பதில் சொன்னோம், அவ்வளவுதான். தம்பி சொன்னது கடிகாரம் காட்டும் வித்தியாசம். அக்கா சொன்னது விமானத்துக்குள் இருக்கும் நேரம். நான் சொன்னது நம் வீட்டு வாசலிலிருந்து அவள் வீட்டு வாசல் வரை. நீரிழிவு மாத்திரை எத்தனை எடுத்துப் போவது என்று முடிவு செய்ய அம்மாவுக்குத் தேவைப்பட்டது என்னுடைய பதினேழரைதான்.

இந்த மூன்றையும் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே போட்டுவிடலாம். சென்னை - லண்டனை வைத்தே சொல்கிறேன்.

முதலில் தூரம். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். நாம் பார்த்த உலக வரைபடங்களில் பல 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் போட்ட முறையை ஒட்டியவை, கப்பலோட்டிகளுக்குத் திசை தப்பாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வரைந்தது. அதில் வடக்கே போகப் போக எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு. அந்த வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் அது மிகக் குறுகிய பாதையும் அல்ல.

வீட்டில் உருண்டையான குளோப் இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் இன்னொரு முனையை லண்டனிலும் வைத்து இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகப் போய் உட்காரும் வழிதான் மிகக் குறுகிய வழி. இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். சென்னை - லண்டன் நூல் எங்கே போகிறது தெரியுமா? கர்நூல் பக்கம், மகாராஷ்டிராவில் அகமதுநகர் பக்கம், குஜராத்தில் பாவ்நகர், அப்புறம் பாகிஸ்தானின் சிந்து, பலுசிஸ்தான், ஈரானைக் குறுக்கே வெட்டி காஸ்பியன் கடலோரம் பாகுவுக்குப் பக்கத்தில், ரஷ்யாவின் தென்முனை, உக்ரைன், போலந்தின் கிராக்கோவ், ஜெர்மனி, பிறகு லண்டன். இந்தப் பட்டியலைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வரட்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

நூல் வேண்டாம், எண்ணாக வேண்டும் என்றால் போன் கால்குலேட்டரே போதும். போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் பெரும்பாலான போன்களில் சைன், காஸ் பட்டன்கள் வந்துவிடும். டிகிரி முறையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். சென்னை வடக்கே 12.99, கிழக்கே 80.18. ஹீத்ரோ வடக்கே 51.47, மேற்கே 0.45. ஒன்று கிழக்கு, இன்னொன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகை இரண்டையும் கூட்ட வேண்டும், 80.63. இரண்டும் கிழக்கிலேயே இருந்தால் கழிக்க வேண்டும். இப்போது:

சைன் 12.99 × சைன் 51.47 = 0.176
காஸ் 12.99 × காஸ் 51.47 × காஸ் 80.63 = 0.099
இரண்டையும் கூட்டினால் 0.275

காஸ் என்ற எழுத்தின் தலையில் மைனஸ் ஒன்று போட்ட பட்டன் ஒன்று இருக்கும், அதில் இந்த 0.275ஐக் கொடுத்தால் 74 டிகிரி என்று வரும். பூமி உருண்டையின் மேல் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111.2 கி.மீ. பெருக்கினால் 8,230 கி.மீ. பக்கம் வருகிறது. அதுதான் தூரம். பத்தாம் வகுப்பில் "இந்த சைன் தீட்டாவெல்லாம் எதுக்கு உதவப் போகுது" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், வாத்தியார் மன்னிக்க வேண்டும். பூமி சரியான உருண்டை இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை. அதனால் விடையில் அரை சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும், 8,230இல் நாற்பது கிலோமீட்டர். நம் வேலைக்கு அது ஒன்றுமே இல்லை.

கணக்கே பிடிக்காது என்பவர்களுக்கு: கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஊரைக் கிளிக் செய்தால் போதும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் கோடும் போட்டுக் காட்டும். சென்னைக்கு எம்ஏஏ. ஊர்ப் பெயர் 1996இலேயே மாறிவிட்டது, விமானக்காரர்களுக்கு மட்டும் நாம் இன்னும் மெட்ராஸ்தான்.

மைல், கி.மீ. குழப்பம் ஒன்று உண்டு. விமானத் துறையில் பேசுவது நாட்டிகல் மைல், 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. சென்னை - லண்டன் நாட்டிகல் மைலில் சுமார் 4,440, சாதா மைலில் 5,110 பக்கம். எங்காவது எண் இடித்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, இப்போது நேரம். நீண்ட தூரம் போகும் பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் போகும். ஆனால் 8,230ஐ 900ஆல் வகுத்து ஒன்பது மணி நேரம் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. ஓடுபாதை வரை உருண்டு போகணும், முன்னால் நாலு விமானம் நின்றால் காத்திருக்கணும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் இங்கே கேட்டிலிருந்து நகர ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் நிற்கும் வரை. நான் பயன்படுத்தும் சூத்திரம் ரொம்ப எளிமை: தூரத்தை 850ஆல் வகுக்க வேண்டும், அதோடு 40 நிமிடம் கூட்ட வேண்டும்.

சென்னை - லண்டனுக்கு 8,230ஐ 850ஆல் வகுத்தால் 9 மணி 41 நிமிடம், நாற்பதைக் கூட்டினால் 10:20. சென்னை - சிங்கப்பூர் 2,920 கி.மீ., கணக்கில் 4 மணி 6 நிமிடம் வருகிறது, அடிக்கடி போய் வருபவர்களைக் கேளுங்கள், நாலு நாலேகால் என்பார்கள். சென்னை - கொழும்பு 650 கி.மீ., ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. எதற்கும் இருக்கட்டும் என்று உலகத்திலேயே நீளமான சர்வீஸான சிங்கப்பூர் - நியூயார்க்கையும் போட்டுப் பார்த்தேன். 15,349 கி.மீ., கணக்கு 18 மணி 43 நிமிடம் என்கிறது, அட்டவணையிலும் பதினெட்டே முக்காலை ஒட்டித்தான் இருக்கிறது.

அப்படியானால் அக்கா ஏன் 10:20 என்று சொல்லாமல் பத்தேமுக்கால் என்றாள்? காற்று. தரையிலிருந்து ஒன்பது பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறு மாதிரி ஒரு காற்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் இதற்கு வேகம் அதிகம். லண்டன் போகும்போது அதை எதிர்த்துப் போகிறோம், திரும்பி வரும்போது அது முதுகைத் தள்ளுகிறது. அதனால் மேற்கே போகும் நீண்ட பயணத்துக்கு நான் கணக்கில் வந்ததோடு அரை மணி கூட்டிக்கொள்வேன், கிழக்கே வருவதற்கு இருபது நிமிடம் குறைப்பேன். போக ஏறக்குறைய பத்தேமுக்கால் முதல் பதினொன்று, வர பத்து. காற்றின் வலு எவ்வளவு என்பதற்கு ஒரு உதாரணம்: 2020 பிப்ரவரியில் சியாரா புயலடித்தபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. சாதாரணமாக ஆறு மணி நேரத்தைத் தாண்டும் பயணம் அது.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார், "பூமி கிழக்கே சுத்துதே, அப்போ மேற்கே போனா ஊரு தானா எதிர்ல வரணுமே?" வராது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. தாம்பரத்தில் ரயில் பெட்டிக்குள் ஏறிய கொசு எங்கேயும் உட்காராமல் பறந்துகொண்டே இருந்தாலும் ரயிலோடு எழும்பூர் வந்துவிடும்.

காற்றுக்காகவே தூரத்தை அதிகமாக்கிக்கொள்ளும் விமானங்களும் உண்டு. டெல்லி - சான்பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானத்தை 2016 அக்டோபரில் அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். தூரம் ஆயிரம் கி.மீ.க்கும் மேல் கூடியது, நேரமோ குறைந்தது. அதனால்தான் தூரத்தை மட்டும் வைத்து நேரத்தை அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இப்போது அந்த நூல் விஷயத்துக்கு வருவோம். நூல் போன வழியில் விமானம் போக முடியுமா? உக்ரைன் வானம் 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. ரஷ்யா பிரிட்டிஷ் விமானங்களை விடுவதில்லை. பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குக் கதவைச் சாத்தியது. ஈரான் வானம் அதே வருடம் ஜூனில் சண்டை நடந்தபோது மூடப்பட்டது. நூல் அழகாக இந்த நாலையும் கோத்துக்கொண்டு போகிறது! ஆகவே விமானம் கொஞ்சம் தெற்கே ஒதுங்கி, அரபிக்கடல், வளைகுடா, ஈராக், துருக்கி என்று வளைந்து போகும் நாள்கள் நிறைய. யார் விமானம், அன்றைக்கு எந்த வானம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். ஆனால் பெரும்பாலும் பயப்படும் அளவுக்கு இல்லை, சில நூறு கி.மீ. கூடும், அரை மணி அளவுக்கு. மோசமாக அடிபட்டது வேறு ஊர்கள். ஹெல்சின்கி - டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது, ரஷ்ய வானம் மூடிய பிறகு பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. எனவே பழைய பதிவுகளில் யாராவது எழுதி வைத்திருக்கும் பயண நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிளைட்ரேடார்24 மாதிரியான தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் கடந்த ஒரு வாரம் அது எந்த வழியாக, எத்தனை மணி நேரம் பறந்தது என்று தெரிந்துவிடும். என் சூத்திரத்தைவிட அது நம்பகமானது, இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தம்பி விழுந்த குழிக்கு வருவோம். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். கூட்டவா கழிக்கவா என்று குழம்பாமல் இருக்க ஒரே வழி, இறங்கும் நேரத்தை முதலில் நம்ம ஊர் நேரமாக மாற்றிவிடுவது. லண்டன் கோடையில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். நாம் எதையும் தொடுவதில்லை. அம்மா போனது ஜூன் மாதம். லண்டன் 11:45 என்றால் நமக்கு மாலை 4:15. அதில் 5:30ஐக் கழித்தால் 10:45. முடிந்தது. திரும்பி வரும்போது லண்டனில் மதியம் 1:30க்குக் கிளம்பினால் நமக்கு மாலை 6 மணி, சென்னையில் மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு இறங்கினால் பத்து மணி நேரம்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் கவனிக்க, அங்கே கடிகாரம் மாறுவது வேறு தேதியில், மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அதனால் வருடத்தில் சில வாரங்கள் லண்டன் - நியூயார்க் வித்தியாசம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் குறைவாக இருக்கும். சிங்கப்பூர், மலேசியா வருடம் முழுக்க நம்மைவிட இரண்டரை மணி முன்னால், கொழும்பு நம்மோடு சமம், இவற்றில் தலைவலி இல்லை.

முள் கடிகாரம் கட்டுபவர்களுக்கு ஒரு வித்தை: குளிர்காலத்தில் உங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் லண்டன் நேரம் தெரியும். காலை 10:30ஐத் தலைகீழாகப் பார்த்தால் ஐந்து மணி போலத் தெரியும். சின்ன முள் கொஞ்சம் விலகி நிற்கும், கண்டுகொள்ளாதீர்கள். கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இதைக் காட்டியதிலிருந்து அக்காவுக்கு நடுராத்திரியில் போன் போவது நின்றுவிட்டது.

நேரத்தைவிட ஆபத்தானது தேதி. நம் ஊரிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். டிக்கெட்டில் 12ஆம் தேதி 1:40 என்று இருந்தால் 11ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கு நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். என் சித்தப்பா 12ஆம் தேதி ராத்திரி பெட்டியோடும் மாலையோடும் போய் நின்றார், விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பணமும் போச்சு, குடும்பத்தில் இன்றுவரை இந்தப் பேச்சும் நிற்கவில்லை. டிக்கெட் வந்ததும் முதல் வேலையாக "இன்ன கிழமை ராத்திரி இத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

கடைசியாக என்னுடைய பதினேழரை. வீட்டிலிருந்து காலை 1 மணிக்குக் கார். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்வார்கள், வயதானவர் என்றால் வீல்சேருக்காக இன்னும் கொஞ்சம் முன்னாடி. விமானம் 5:30 முதல் நம் நேரம் 4:15 வரை. ஹீத்ரோவில் இறங்கும் முன் வானத்திலேயே வட்டமடிக்க வைப்பது சகஜம், அதற்கென்றே நாலு இடம் வைத்திருக்கிறார்கள். இறங்கி இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி, ஹாரோ போக முக்கால் மணி. நம் நேரம் மாலை 6:30. கூட்டிப் பாருங்கள்.

நேரடி விமானம் கிடைக்காதவர்கள் நடுவில் இறங்கி மாறினால் எவ்வளவு கூடும்? இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், தூரத்தைப் பார்த்து மிரள்வார்கள். துபாய் வழியாகப் போனால் 2,935ம் 5,500ம் சேர்த்து 8,435 கி.மீ., நேர்வழியைவிட வெறும் 200 கூடுதல். டெல்லி வழி 8,490. கொழும்பு வழி 9,360, அதுவும் ஒன்றும் மோசமில்லை. நேரத்தைத் தின்பது காத்திருப்புதான். துபாய் வழிக்கு என் சூத்திரத்தைப் போட்டால் இரண்டு விமானமும் சேர்த்து பதினொன்றேகால் மணி நேரம், நடுவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பதினாலேகால். எட்டு மணி நேரம் உட்கார வைக்கும் டிக்கெட் மலிவாக இருக்கும், எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முதுகெலும்பைப் பொறுத்தது. ஆனால் ஒன்றரை மணி நேர இடைவெளி கொண்ட டிக்கெட்டை அம்மா அப்பாவுக்கு எடுக்காதீர்கள், முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானாலே ஓட வேண்டியிருக்கும். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர்.இல் இருக்கட்டும், அப்போதுதான் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் உங்கள் பாடு.

அழைத்து வரப் போகிறவர்களுக்கு ஒன்று. திரும்பி வரும் டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பிளஸ் ஒன்று என்று இருக்கும், மறுநாள் என்று அர்த்தம். 20ஆம் தேதி மதியம் லண்டனில் ஏறினால் சென்னையில் 21ஆம் தேதி விடிகாலை 4 மணி. அலாரத்தை 20ஆம் தேதி ராத்திரி படுக்கும் முன் வையுங்கள், எழுந்ததும் விமானம் எங்கே வருகிறது என்று போனில் பாருங்கள், அரபிக்கடல் மேல் இருந்தால் காபி போட்டுக் குடித்துவிட்டே கிளம்பலாம்.